ஆறு பேர், ஏழு இலை

1

கொச்சியை வெளியூர் என்று சொன்னால் ஊரில் ஒத்துக்கொள்வார்கள். வேற்று தேசம் என்று சொன்னால் சிரிப்பார்கள். புளியங்குடியில் எங்கள் தெருவிலிருந்து துபாய்க்குப் போனவர்கள் உண்டு, சிங்கப்பூருக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் லீவுக்கு வந்தால் தெருவே திரண்டு போய்ப் பார்க்கும். நான் போய் இறங்கினால், "என்னத்தா, காலையில வண்டி ஏறினியா?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறாள் என்ற நினைப்பு. அந்தப் பக்கம் போய் இருந்து பார்த்தால்தான் மலை எவ்வளவு உயரம் என்று தெரியும்.

நான் இருப்பது மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி. கீழே ஒரு சுக்குக் கிடங்கு, மேலே என் ஆபீஸ். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார மூன்று நாற்காலி, சுவரில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று, கேரள வரைபடம் ஒன்று. சுற்றுலா போகிறவர்கள் எந்த வழியில் போக வேண்டும், எங்கே தங்க வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மலையாளிகளை மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் அனுப்புகிறேன். தமிழர்களை ஆலப்புழைக்கும் மூணாறுக்கும் அனுப்புகிறேன். நான் சுக்கு வாசனையில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் முத்துச்செல்வி, இங்கே எல்லாருக்கும் செல்வி சேச்சி.

இந்த ஓணம் லீவில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இதை எழுத வைத்தது. சின்ன விஷயம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு அது அப்படி இல்லை.

2

"சேச்சி இத்தனை இடம் பார்த்திருக்கீங்க, உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கோயிலோ அருவியோ சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். கொட்டாரக்கரை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, அங்கே கக்கூஸ் சுத்தமாக இருக்கும் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஆனால் வயசான பெண்கள் மட்டும் தலையாட்டுவார்கள். நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்க வண்டியில் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அது வேடிக்கைக்கு. நிஜமாகவே எனக்குப் பிடித்த இடங்கள் எல்லாம் போகிற வழியில் இருப்பவை, போய்ச் சேருகிற இடங்கள் இல்லை. எர்ணாகுளத்துக்குப் போகும் படகில் ஓரத்து இருக்கை பிடிக்கும். பாதித் தண்ணீரில் போகும்போது மட்டாஞ்சேரியும் பக்கத்தில் இல்லை, எர்ணாகுளமும் பக்கத்தில் இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் எந்த ஊர்க்காரி என்று யாரும் கேட்கமாட்டார்கள். புனலூர் தாண்டி ஆரியங்காவு ஏறுகிற ரோடு பிடிக்கும். மழை விட்ட சாயங்காலம், ரோட்டோரக் கடையில் சாயாவும் பழம்பொரியும். ஏத்தம்பழத்தை நீளவாக்கில் கீறி மாவில் முக்கிப் பொரிப்பது. முதல் தடவை தின்றபோது, பழத்தைப் போய் பஜ்ஜி போடுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வாரம் ஒரு தடவை தின்னாவிட்டால் ஆகாது.

தமிழ்க் குடும்பங்கள் வந்தால் என் வாய்க்கு ஓணம். ஜூ டவுன் யூதர் தெருவுக்குக் கூட்டிப்போவேன். யூதர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏலக்காய் விலை கேட்டு, "நம்மூர்லயே சல்லிசு" என்று சொல்லி, அப்புறம் அரைக்கிலோ வாங்குவார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் சிவப்பு குண்டரிசிச் சோற்றைப் பார்த்து பயந்துபோய், "அக்கா, வெள்ளச் சோறு எங்க கெடைக்கும்?" என்று ரகசியமாகக் கேட்பார்கள். அதற்கும் ஒரு கடை வைத்திருக்கிறேன். அவர்களோடு இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் பேசித் தீர்த்துவிடுவேன். வண்டி ஏறும்போது "எங்க ஊருக்கு வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். வண்டி போன பிறகு ஆபீசுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தால் அறை முன்பைவிடப் பெரிதாகத் தெரியும்.

என் வேலையில் சில வழக்கங்கள் வைத்திருக்கிறேன். நான் சாப்பிடாத கடைக்கு ஆள் அனுப்பமாட்டேன். ஆள் போவதற்கு முன்னால் கடைக்காரருக்கு நானே போன் போட்டு, "என் ஆளுங்க வர்றாங்க" என்று சொல்லிவிடுவேன். கட்டணம் போடும்போது டிரைவரை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டோம். சாப்பாட்டுக்குச் சொல்லும்போது சேர்ப்போம். ஆறு பேர் போனால் ஏழு இலை. திட்டம் போட்டவள் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். இத்தனை வருஷத்தில் அதில் நான் தப்புப் பண்ணினதே இல்லை.

3

நான் கொச்சிக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் ஊருக்கு எலுமிச்சங்காய்தான் எல்லாம். சுற்றுவட்டாரத் தோட்டத்துக் காய் முழுவதும் புளியங்குடி மண்டிக்கு வந்து ஏலமாகும். அதில் பாதிக்கு மேல் லாரி ஏறி கேரளாவுக்குப் போகும். அப்பா மண்டியில் எடை பார்த்தார். எர்ணாகுளம் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்ற வந்த டிரைவர் கணேசன். மூன்று தலைமுறைக்கு முன்னால் மட்டாஞ்சேரிக்குப் போன தமிழ்க் குடும்பம். அவருடைய அம்மா கொச்சி நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தார். தமிழ் பேசுவார்கள். ஆனால் அந்தத் தமிழைக் கேட்டு எங்கள் தெருவில் சிரித்தார்கள்.

மண்டிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். லோடு ஏறுகிறவரைக்கும் கணேசன் அங்கே உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்குச் சாப்பாடு வாங்க நான் தூக்குவாளியோடு அங்கே போவேன். மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் கிளம்பினார்கள். இவருக்கு லோடு இருந்தது, பஸ்ஸில் போக முடியாது. நான் லாரியிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்டுச்சேலையோடு லாரியில் ஏறியதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் மூட்டை மூட்டையாக எலுமிச்சங்காய், முன்னால் நான். செங்கோட்டை தாண்டியதும் மழை பிடித்தது. ஆரியங்காவு செக்போஸ்டில் ஒருவர் ஏறிப் பார்த்து, "எந்தா லோடு?" என்றார். "நாரங்க" என்றார் இவர். "இதாரு?" "பார்ய." அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில்லில் இல்லல்லோ" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது மலையாளம் தெரியாது. என்னைப் பற்றித்தான் என்று மட்டும் தெரிந்தது. பெண்டாட்டி பில்லில் இல்லையே என்றாராம்; புனலூரில் சாயா குடிக்கும்போது இவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் நான் சிரித்தேன்.

நான் போன பயணங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அதற்கு யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

பிறகு லாரியை விட்டு டூரிஸ்ட் வேன் வாங்கினார். அவர் ஓட்டினார், நான் வழி போட்டேன். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. வேனை விற்றுவிட்டேன். வழி போடுவதை விடவில்லை. குற்றாலத்திலிருந்து மதுரைக்குப் போகும் எல்லாக் கூட்டத்துக்கும் புளியங்குடியில் அண்ணாச்சி கடையில்தான் மத்தியானச் சாப்பாடு என்று எழுதுவேன். இங்கே என்ன பார்க்க இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். எலுமிச்சங்காய் ஊறுகாய் நன்றாக இருக்கும் என்பேன். அது நிஜமும்தான்.

ஊரில் இப்போது எனக்கு வீடு கிடையாது, அப்பா அம்மா கிடையாது. அந்தக் கடை ஒன்றுதான், நான் போன் போட்டால் எடுக்கும். மட்டாஞ்சேரியில் நாரங்கா வெள்ளம் என்று எலுமிச்சை ஜூஸ் விற்கிற கடைகளில் பிழிகிற காய் எங்கள் ஊர்க் காய். கடைக்காரன் "உப்பா, மதுரமா?" என்று கேட்பான். ரெண்டும் வேண்டாம், காயை மட்டும் கொஞ்சம் மோந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை.

4

எனக்கு ஒரே மகள், கோமதி. திருப்பூணித்துறையில் இருக்கிறாள். எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனியில் வேலை, கணவன் அனூப், நாலு வயதில் மீனு. இங்கிருந்து படகு, அப்புறம் மெட்ரோ. ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. துபாயில் இருக்கிற பிள்ளைகள் வாரம் தவறாமல் வீடியோ கால் போடுவதாக ஊரில் சொல்கிறார்கள். கோமதி இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் எதற்குப் போன் என்று நினைக்கிறாளோ என்னவோ. நானும் அடிக்கடி கூப்பிட்டால் பாரமாக நினைப்பாளோ என்று கூப்பிடுவதில்லை. இப்படி இரண்டு பேரும் மரியாதையாக இருந்து இருந்தே தூரமாகிவிட்டோம்.

அவள் வளர்ந்தது முழுக்க இங்கே. சின்னதில் லீவுக்குப் புளியங்குடி கூட்டிப் போவோம். ஒரு தடவை திரும்பும்போது அண்ணாச்சி கடை வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு விஷமமா இருக்கு" என்று அழுதாள். மலையாளத்தில் அது வருத்தம். அண்ணாச்சி, "பச்சப்புள்ளன்னா விஷமம் பண்ணத்தான் செய்யும், அதுக்கு ஏன் அழுத?" என்று கடலை மிட்டாய் கொடுத்துத் தேற்றினார். அவள் மிட்டாயைத் தின்றுகொண்டே அழுதாள். அன்றைக்குப் பெரிய சிரிப்பு. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. பிள்ளை வருத்தம் என்று சொன்னது அங்கே ஒருவருக்கும் கேட்கவில்லை.

நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. இங்கே லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் இன்றைக்கும் மனுவை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். கவுண்டரில் இருக்கும் பெண், "சேச்சிக்கு ஞான் எழுதித்தரட்டே?" என்று அன்பாகத்தான் கேட்கிறாள். அந்த அன்பு இருக்கிறதே, அது திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றவைக்கும். சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். மட்டாஞ்சேரி என்றால் "அல்ல, சரிக்கும்?" என்பார்கள், நிஜமாக எந்த ஊர் என்று அர்த்தம். புளியங்குடிக்குப் போனால் அங்கே நான் கொச்சிக்காரி.

கோமதி மலையாளம் கடகடவென்று படிப்பாள். தமிழ் எழுத்து அவளுக்கு, எனக்கு மலையாளம் மாதிரி. அதனால் இதைப் படிக்கமாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் கூப்பிட்டாள். "அம்மா, ஓணம் லீவுக்கு ஒரு ட்ரிப் போகணும். அனூப்போட அம்மைக்கு மதுரை மீனாட்சியக் காணணும்னு வலிய ஆக்ரகம், ரொம்ப நாள் ஆசை. குற்றாலம், மதுரை, அவ்வளவு மதி. ஆறு பேருக்கு நல்லதா ஒரு பிளான் போட்டுத் தாங்க. நம்ம ஷாஜி சேட்டன் வண்டி கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன். ஷாஜி என் கூட்டங்களுக்கு வழக்கமாக வண்டி ஓட்டுகிறவர். போனை வைத்த பிறகு விரலை மடக்கினேன். கோமதி, அனூப், மீனு, அனூப்பின் அப்பா, அனூப்பின் அம்மா. ஐந்து. ஆறாவது விரலை என் பக்கம் மடக்கிக்கொண்டேன். வேறு யாராக இருக்க முடியும்?

5

அந்தத் திட்டத்தைப் போல ஒன்றை நான் யாருக்கும் போட்டதில்லை. சம்பந்திக்கு முழங்கால் வலி, ஆகவே தரைத்தளத்தில் அறை. மீனுவுக்கு வளைந்த ரோட்டில் வாந்தி வரும், ஆகவே ஆரியங்காவு ஏறுவதற்கு முன்னால் ஒரு நிறுத்தம், அந்தப் பழைய சாயாக்கடையில். குற்றாலத்தில் காலை குளியல். மத்தியானம் புளியங்குடி, அண்ணாச்சி கடை. சாப்பிட்ட பிறகு மண்டிக்குள் கூட்டிப்போய் மீனுவுக்கு எலுமிச்சங்காய்க் குவியலைக் காட்ட வேண்டும். உங்க தாத்தா இந்த இடத்தில்தான் லாரியை நிறுத்துவார் என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் எழுதவில்லை, மனசுக்குள் வைத்திருந்தேன். புதுச்சேலை ஒன்று எடுத்து வைத்தேன், அருவிக்குப் போக ஒரு பழைய சேலையும் எடுத்து வைத்தேன். ஆபீசை இரண்டு மூன்று நாள் பூட்டப் போவதாகக் கிடங்குக்காரரிடம் சொன்னேன். "செல்வி சேச்சி டூர் போகயாணோ!" என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஆமாம், மகளோடு என்றேன்.

திட்டத்தை மலையாளத்தில் எழுத்துக் கூட்டித் தட்டி அனுப்பினேன். அன்றைக்கே கோமதி கூப்பிட்டாள்.

"அம்மா, மூணாவது ரூம்ல நீங்களும் மீனுவும்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அது… அனூப்போட அக்கா வர்றாங்கம்மா, சிந்து சேச்சி. அவங்களக் கூட்டித்தான் ஆறு."

அவளே தொடர்ந்தாள். "சீசன் டைம்ல நீங்க ஆபீஸ் விட்டு வர மாட்டீங்கன்னு நெனச்சேன். வேணும்னா பெரிய வண்டி நோக்கலாமா?"

வேணும்னா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம். பழைய பிளானைப் பார்த்துப் போட்டேன், அதுல இருந்தது அப்படியே வந்திருச்சு. மாத்தி அனுப்புறேன்" என்றேன்.

பழைய பிளானில் மீனு பெயர் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததற்குச் சந்தோஷப்படுவதா, கேட்டிருக்கலாமே என்று ஏங்குவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூப்பிடாத வீட்டில் போய் இலையில் உட்கார்ந்துவிட்டு எழுந்த மாதிரி.

அறையை மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். குற்றாலத்திலிருந்து மதுரைக்குப் போகிற வழியையும் மாற்றினேன். புளியங்குடி வழியை எடுத்துவிட்டு, தென்காசியிலிருந்து திருநெல்வேலி, அங்கே சாப்பாடு, அல்வா, பிறகு நாலுவழிச் சாலையில் மதுரை என்று எழுதினேன். கொஞ்சம் சுற்று, ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுகமான ரோடு. திட்டம் போடுகிறவளாக அதை யாரிடமும் நியாயப்படுத்த முடியும். ஆனால் நான் மாற்றியது முழங்காலுக்காக இல்லை. நான் இல்லாமல் என் ஊரை ஒருத்தரும் பார்க்க வேண்டாம் என்று ஒரு வீம்பு.

திருவோணத்தன்று அனூப் வீட்டுச் சத்யாவுக்கு, இலை போட்ட ஓண விருந்துக்கு, கூப்பிட்டிருந்தார்கள். போனேன். பாயசத்தை வாயாரப் புகழ்ந்தேன். எல்லாரும் பயணத்தைப் பற்றியே பேசினார்கள். அனூப்பின் அம்மா நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்விக்கும் கூட வராமாயிருந்நு" என்றார், நீங்களும் வந்திருக்கலாம் என்று. "சீசனல்லே சேச்சீ", சீசன் ஆச்சே என்று சிரித்தேன். கோமதி தலையைக் குனிந்து இலையில் இருந்த அவியலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

6

என் கூட்டம் எது போனாலும் டிரைவர் தான் இருக்கும் இடத்தை எனக்குப் போனில் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். அதுவும் ஆபீஸ் வழக்கம். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகரும். மற்றக் கூட்டம் என்றால் எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். இந்தத் தடவை வேறு வேலையே ஓடவில்லை. முதல் நாள் புள்ளி நான் எழுதியபடியே போனது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஆரியங்காவு ஏறியபோது மீனு வாந்தி எடுத்தாளோ என்னவோ. கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் புள்ளி குற்றாலத்தை விட்டுக் கிளம்பியது. தென்காசி வந்தது. அங்கே திருநெல்வேலி ரோட்டில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. கடையநல்லூர் ரோட்டில் போனது. நான் ஷாஜிக்குப் போன் போட்டேன்.

"ஷாஜீ, வழி தெற்றிப்போயி. திரிஞ்ஞு போ."

"தெற்றியதல்ல சேச்சீ. ஆத்யம் அம்ம எழுதிய வழிக்குப் போயால் மதின்னு கோமதி பறஞ்ஞு."

வழி தப்பவில்லையாம், அம்மா முதலில் எழுதிய வழியில் போனால் போதும் என்று கோமதி சொல்லிவிட்டாளாம். பின்னால் மீனு ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது. போனை அவளிடம் கொடு என்று நான் சொல்லவில்லை. அவளும் வாங்கிப் பேசவில்லை.

மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மணி ஒன்று தாண்டிவிட்டது. மண்டியில் ஏலம் முடிந்து, மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிட்டுப் போனதும் அண்ணாச்சி கடையைக் கழுவிவிட்டுவிடுவார். இரண்டு மணிக்கு மேல் அங்கே ஒரு பருக்கை கிடைக்காது. நான் போனில் சொல்லிவைத்தால்தான் காத்திருப்பார். இந்தத் தடவை சொல்லவில்லை. என் ஆட்கள் யாரும் அந்த வழியாகப் போகவில்லை என்றல்லவா நான் எழுதியிருந்தேன்.

போகட்டும், பூட்டின கடையைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மனதில் ஒரு மூலை சொன்னது. அப்படி ஒரு மூலை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். புள்ளி கடையநல்லூரைத் தாண்டியது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு எவ்வளவு நேரம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போனை எடுத்தேன்.

"என்ன செல்வி, சொல்லுத்தா."

"அண்ணாச்சி, கடையப் பூட்டிராதீய. என் ஆளுங்க வாராங்க."

"நல்ல வேள, இப்பந்தான் அடுப்ப அணைக்கப் போனேன். எத்தன பேரு?"

"ஆறு பேரு. டிரைவரோட ஏழு எல."

"அப்பம் ஒன்னோட எட்டா?"

அவர் எப்போதும் கேட்பதுதான். முன்பெல்லாம் கூட்டத்தோடு நானும் போவதுண்டு. "நான் இல்ல அண்ணாச்சி" என்றேன். "கோமதி வாரா. சம்பந்தி வீட்டுக்காரங்களோட."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற ஓசை கேட்டது. "சரித்தா. ஏழு எல போட்டுருதேன். அப்பளம் பொரிக்கச் சொல்லுதேன், நம்ம புள்ளைக்கு அப்பளம்னா உசுரு" என்றார். வேறொன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

புள்ளி ஊருக்குள் நுழைந்து, மெதுவாகி, மண்டிக்கு எதிரே நின்றது. நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா."

"ம்."

"நீங்க விளிச்சுச் சொன்னீங்களா? அண்ணாச்சி வாசல்ல வந்து நிக்கிறாரு."

"சொல்லாம எப்படி? மணி என்ன ஆச்சு."

"எல்லாரும் சாப்பிடுறாங்க. அனூப்போட அம்மைக்கு ஊறுகாய் ரொம்ப இஷ்டப்பட்டுச்சு." குரல் தாழ்ந்தது, மற்றவர்களை விட்டுத் தள்ளி வந்து பேசுகிறாள் என்று தெரிந்தது. "அம்மா, அப்பா லோடு ஏத்துற டைம்ல இங்கதான உக்காந்திருப்பாரு? எந்த எடம்?"

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வழி கேட்டிருக்கிறாள், அறை கேட்டிருக்கிறாள், வண்டி கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை.

"வாசல் பக்கத்து பெஞ்சு. ரோட்டப் பாத்த மாதிரி, ஓரத்துல. அங்க இருந்தாத்தான் வண்டி தெரியும்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்திருப்பாள். "அங்க ஷாஜி சேட்டன் உக்காந்திருக்காரும்மா."

ஷாஜி கணேசனைப் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் செத்த பிறகு வந்த ஆள்.

"கொஞ்சம் மாறி இருக்கச் சொல்லவா? மீனுவ அங்க இருத்தி ஒரு போட்டோ எடுக்கலாம், உங்களுக்கு அனுப்பலாம்னு…"

"வேண்டாம்டா. எலையில உக்காந்தவர எழுப்பக் கூடாது. அது டிரைவர் எடம். அவரு சாப்பிடட்டும்."

"சரிம்மா." அவள் உடனே வைக்கவில்லை. ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது எனக்கும் கேட்டது. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ போய் உக்காரு, சோறு ஆறிரும்."

போனை மேஜையில் நிமிர்த்தி வைத்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன். காலையில் பிசைந்து வைத்த தயிர்சாதம், ஊறுகாய் எடுத்து வர மறந்திருந்தேன். நீலப் புள்ளி அண்ணாச்சி கடை வாசலிலேயே நின்றது. அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரைக்கும் நானும் மெதுவாகவே சாப்பிட்டேன்.